கண்ணுள்ள காளான்

உயிரினக் களஞ்சியத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருந்தது. "உலகில் எவரும், எங்கிருந்தும், எந்நேரமும், தடையின்றி" என்று பொன்னிற எழுத்தில் எழுதியிருந்தது. பலகைக்குக் கீழே இரும்புக் கதவு. கதவில் பூட்டு. பூட்டுக்குப் பக்கத்தில் காவலாளி. காவலாளியையும் முழுசாக நம்பாமல் அவர் தலைக்கு மேலே ஒரு கேமரா.

அண்ணி பலகையை இரண்டு தடவை படித்தாள். எவரும் என்றால் அதில் தானும் அடக்கம்தான் என்று முடிவு செய்துகொண்டு, பையைத் தோளில் ஏற்றிப்போட்டு, கதவருகே போய் நின்றாள்.

அவள் யாருக்கு அண்ணி என்று கேட்டால், உண்மையில் ஒரே ஒருத்திக்குத்தான். வீட்டுக்காரரின் தங்கைக்கு. ஆனால் நாத்தனாரும் அவளும் பதினோரு வருஷமாகச் சேர்ந்து காளான் வளர்க்கிறார்கள். நாத்தனார் தெருக்கோடிக்குக் கேட்கிற குரலில் நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில், காய்கறிக் கடைக்காரர், பால்காரர், தபால்காரர் எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். வீட்டுக்காரரே ஒரு தடவை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு இரண்டு நாள் சோற்றுக்கு அலைந்தார்.

அவர்கள் வளர்த்தது ஊரில் எல்லாரும் வளர்க்கிற காளான் இல்லை. ஒரு மழைக்காலத்தில் கொட்டகை மூலையில் யாரும் விதைக்காமல் ஒரு கொத்து தானாக முளைத்தது. கட்டையான கால், சாம்பல் கலந்த நீலக் குடை. பறித்து நாலு நாள் ஆகியும் வாடவில்லை. விறைத்துக்கொண்டு நின்றது. "அப்படியே உங்க மாமியார் மாதிரி இல்ல?" என்றாள் நாத்தனார், தன்னைப் பெற்ற அம்மாவைப் பற்றி. பேர் நிலைத்துவிட்டது. மாமியாரின் உட்சதையில் ஒரு துளி கிள்ளி, கண்ணாடிக் குழாயில் வைத்து, வெள்ளை நூல் மாதிரி படரவிட்டார்கள். இதற்குத் தாய் வித்து என்று பேர். அது இருந்தால் வைக்கோலைப் பையில் அடைத்துத் தொங்கவிட்டு எத்தனை படுக்கை வேண்டுமானாலும் போடலாம். அது போனால் எல்லாம் போச்சு.

போச்சு. போன மாதம் நாலு நாள் மின்சாரம் இல்லை. குளிர்பெட்டியில் இருந்த அத்தனை குழாயிலும் பச்சைப் பூசணம் ஏறிவிட்டது. படுக்கைகளிலும் பச்சை. மிச்சம் மீதி இருந்த காளானைக் கிள்ளி மூன்று தடவை புது வித்து எடுத்துப் பார்த்தார்கள். மூன்று தடவையும் குழாயில் பச்சைதான் வந்தது. கடையில் விற்கிற வித்தை வாங்கிப் போட்டால், அதே காளானை இன்னும் நாற்பது பேர் வளர்க்கிறார்கள். ஒரே நாளில் சுருண்டுவிடும் அந்தச் சரக்கைக் கடைக்காரர் நாத்தனார் முகத்துக்காக ஒரு தடவை வாங்குவார், இரண்டாம் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நாத்தனாருக்குத் தொலைதூரத்தில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் வேலை வந்திருந்தது. தங்குமிடத்தோடு. வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன், இல்லை என்று சொல்லியாக வேண்டும். இன்றைக்கு வியாழன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே களஞ்சியத்திலிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வந்து, மாமியாரை ஒரு குழாயில் வாங்கிக்கொண்டு போயிருந்தார். கொடையாளர் என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார். "எப்ப வேணும்னாலும் வாங்கம்மா. இது எல்லாருக்கும் திறந்த இடம்" என்றார். அந்தச் சான்றிதழைத்தான் சுவரிலிருந்து சட்டத்தோடு கழற்றிப் பையில் வைத்து எடுத்து வந்திருந்தாள் அண்ணி.

"என்னம்மா வேணும்?" என்றார் காவலாளி.

"என் காளான் இங்க இருக்குங்க. அதுல ஒரு துளி வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எல்லாமே இணையத்துல இருக்கே. வீட்டுல உக்காந்தே எடுத்துக்கலாமே."

"பாத்தேங்க. கடவுச்சொல் கேட்டுச்சு. அது எங்க கிடைக்கும்னு பாத்தா, நேர்ல வரணும்னு போட்டிருந்துச்சு."

"ஆமா. திறந்த களஞ்சியம்னா சும்மாவா? கண்டவங்களும் நுழைஞ்சிட்டா, அப்புறம் திறந்து வச்சு என்ன பிரயோஜனம்?" அவர் ஒரு கைக்கணினியை எடுத்துத் துடைத்தார். "நீங்க எந்த வகை? ஆய்வாளரா?"

"இல்லீங்க."

"மாணவரா?"

"இந்த வயசுலயா?"

"நிறுவனமா? கொள்கை வகுப்பாளரா?"

"காளான் வளக்குறவங்க."

அவர் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். காளான் வளர்க்கிறவர் என்று எதுவும் இல்லை. அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. "கடைசியா ஒண்ணு இருக்கும்மா. 'மாதிரி'ன்னு. அதுக்குக் காத்திருப்பு கிடையாது, ஒப்புதல் கிடையாது. கெட்டுப்போயிடும்னு உடனே உள்ள விட்டுடுவாங்க. போடட்டுமா?"

"போடுங்க. உள்ள போனா சரி."

அச்சுப்பொறி ஒரு சீட்டைத் துப்பியது. அவர் அதைப் பிரித்து அவள் தோளில் ஒட்டினார். "மாதிரி எண் 40417. குளிர்ந்த இடத்தில் வைக்கவும். கவிழ்க்காதீர்."

உள்ளே நீளமான கூடம். அதில் நாலு சன்னல்கள். தாவரம், பூஞ்சை, நுண்ணுயிர், முதுகெலும்பில்லாதவை என்று நாலு பலகைகள். நாலு பலகைகளுக்குப் பின்னாலும் முதுகு வளைந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை வைத்து, எது எந்தப் பிரிவு என்று சொல்ல முடியாது.

காளான் பூஞ்சைதானே என்று அண்ணி பூஞ்சைச் சன்னலுக்குப் போனாள். அங்கே இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவள் தோளைப் படித்தார்.

"மாதிரியா? மாதிரி எல்லாம் கூடத்துல நிக்கக் கூடாதும்மா. குளிரறைக்குப் போங்க. கூப்பிடுவோம்."

குளிரறையில் காலி அலமாரிகளுக்கு நடுவில் அவளை முக்கால் மணி நேரம் வைத்திருந்தார்கள். பல் கிட்டித்துப்போன நிலையில் கூப்பிட்டார்கள்.

"விண்ணப்பம்?" என்றார் பூஞ்சைக்காரர்.

"எல்லாம் இணையம்னாங்க?"

"இணையம்தான். இணையத்துல நிரப்பி, அச்செடுத்து, மூணு பிரதி குடுக்கணும். ஒண்ணு எங்களுக்கு. ஒண்ணு மேலிடத்துக்கு."

"மூணாவது?"

"தூக்கிப் போடுறதுக்கு. அதுக்குன்னு மத்த ரெண்டையும் தூக்கிப் போட முடியுமா?" அவர் அவளுக்காகத் தானே தட்டச்சு செய்தார். "காளான் பேரு?"

"மாமியார்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இதைவிட மோசமான பேர்களையெல்லாம் லத்தீனில் பார்த்தவர். "இருக்கு. ஆனா எங்க பிரிவுல இல்ல. நாலு வருஷத்துக்கு முந்தியே மாத்திட்டாங்க. உங்க காளானோட மரபணு வரிசையைக் கணினியில போட்டப்ப, அதுல கண்ணு உருவாக்குற மரபணு இருந்துச்சு. கண்ணிருந்தா பூஞ்சை இல்லன்னு கணினி அதை முதுகெலும்பில்லாததுக்குத் தள்ளிடுச்சு."

"கண்ணா? காளானுக்கா?"

"மரபணு சொல்லுது. நாங்க காளானைக் கேக்குறதில்ல, மரபணுவத்தான் கேக்குறோம்."

முதுகெலும்பில்லாதவை சன்னலில் ஒரு அம்மாள் இன்னொரு மூன்று பிரதி வாங்கிக்கொண்டு கையை விரித்தாள். "கண்ணிருக்கறது வாஸ்தவம்தான். றெக்கைக்குண்டான மரபணுகூட இருக்கு. ஆனா பேர்ல காளான்னு போட்டிருக்கே. காளானைக் கொண்டுவந்து பூச்சிக்குப் பக்கத்துல வச்சா நாளைக்கு நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? நுண்ணுயிருக்கு அனுப்பிட்டோம். சின்னதா இருக்கறத எல்லாம் அங்கதான் அனுப்புவோம்."

நுண்ணுயிர்க்காரர் இளைத்த மனிதர். அவருக்கு எல்லாமே பெரிதாகத் தெரிந்தது. "கண்ணுக்குத் தெரிஞ்சா அது நுண்ணுயிர் இல்லம்மா. உங்க காளான் கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப தாவரத்துல பாருங்க. காய்கறிக் கடையில விக்கறதா எழுதியிருந்துச்சு. காய்கறின்னா தாவரம்."

தாவரச் சன்னலுக்குப் போய்ச் சேரும்போது அண்ணி ஒன்பது தாள்களில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அங்கே இருந்தவர் மட்டும் சிரித்த முகமாக வரவேற்றார். "அடடே, மாமியார் அம்மாவா! எங்ககிட்டதான் இருக்கு. முழுசா இருக்கு. நாலு கோடியே பதினேழு லட்சம் எழுத்து. ஒரு எழுத்து குறையாம இருக்கு."

"எழுத்து வேணாம்யா. காளான் வேணும். நான் குடுத்த அந்தக் குழாய். அதுல ஒரு துளி போதும்."

அவர் புரியாமல் பார்த்தார். "உயிருள்ள பொருளையா கேக்குறீங்க?"

"ஆமாங்க."

"அதான் வரிசை எடுத்தாச்சேம்மா! வரிசை எடுத்தப்புறம் பொருள் எதுக்கு? கல்யாண ஆல்பம் போட்டாச்சுன்னா பந்தலைப் பிரிக்க மாட்டோமா?" அவர் ஒரு கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். அதில் ஒரு முத்திரை இருந்தது. முறைப்படி அழிக்கப்பட்டது. நாளும் நேரமும் போட்டு மூன்று பேர் கையெழுத்திட்டிருந்தார்கள்.

அண்ணி சன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"வருத்தப்படாதீங்க. ஒரே நாள்ல பத்தாயிரம் குழாயையும் அழிச்சோம். உங்களுது மட்டும்னு நினைக்காதீங்க" என்று அவர் ஆறுதல் சொன்னார்.

கைபேசி அடித்தது. நாத்தனார்.

"என்ன அண்ணி, அம்மா கிடைச்சாளா?"

"கொன்னுட்டாங்கடி."

"யாரை?"

"மாமியாரை. கையெழுத்துப் போட்டுக் கொன்னுருக்காங்க."

அந்தப் பக்கம் சத்தமில்லை. பதினோரு வருஷத்தில் நாத்தனார் சத்தமில்லாமல் இருந்து அண்ணி கேட்டதில்லை. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி விடுங்க அண்ணி. சட்டைக்குப் பொத்தான் தைக்கிறது அப்படி ஒண்ணும் கஷ்டமா இருக்காது. வெயிலுக்கு முந்தி வீடு வந்து சேருங்க" என்று வைத்துவிட்டாள்.

அண்ணி கிளம்பத் திரும்பினாள். ஆனால் அவள் தோளில் இருந்த சீட்டைப் பார்த்து இரண்டு பேர் ஓடிவந்து, "மாதிரி இங்க இருக்கு, மாதிரி இங்க இருக்கு" என்று ஆளுக்கொரு கையைப் பிடித்து, அரங்கத்துக்குள் கூட்டிப்போனார்கள். அன்றைக்குக் களஞ்சியத்தில் விழா. பத்தாயிரமாவது உயிரின் மரபணு வரிசையை உலகத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். அந்தப் பத்தாயிரமாவது உயிர் வேறு யாருமில்லை, மாமியார்தான். நாலு பிரிவுக்கும் மாறி மாறி அலைந்ததால் எண் போடாமல் கடைசிவரை நிலுவையில் நின்றது அது ஒன்றுதான்.

மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். மழமழவென்று சவரம் செய்த, வியர்வையே வராத மனிதர்.

"சில பேர் என்னைக் கேக்குறாங்க, இந்தக் களஞ்சியத்தால யாருக்கு என்ன பயன்னு. நான் திருப்பிக் கேக்குறேன், பயன்படுத்துனா அது களஞ்சியமா? போன வருஷம் நம்ம தரவை எத்தனை பேர் எடுத்திருக்காங்க தெரியுமா? பதினாலு பேர். அதுல பன்னெண்டு பேர் நம்ம ஊழியர்கள், கணக்குக் காட்டுறதுக்காக. பாக்கி ரெண்டு பேர் தவறுதலா அழுத்துனவங்க. இதுக்கு என்ன அர்த்தம்? நம்ம தரவு இன்னைக்கும் கைபடாம, கசங்காம, புத்தம் புதுசா இருக்குன்னு அர்த்தம்!"

கைதட்டல்.

"நான் பொறுப்பேத்துக்கிட்டப்ப இந்தக் கட்டடம் எப்படி இருந்துச்சு? எங்க பாத்தாலும் செடி. எங்க பாத்தாலும் புழு. புட்டிக்குள்ள என்னமோ நொதிச்சுக்கிட்டே இருக்கும். உயிருங்கறது என்னன்னா, நண்பர்களே, அது தண்ணி கேக்கும், நாத்தம் அடிக்கும், விடுமுறை நாள்லயும் வளரும். ஒரு ஒழுங்கு கிடையாது. இன்னைக்கு இந்த வளாகத்துல ஒரு உயிர் கிடையாது. உயிரியல் நிறுவனம்னா இப்படி இருக்கணும்!"

இன்னும் பெரிய கைதட்டல். முன்வரிசையில் ஊழியர்கள் தங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று தெரிந்தும் தட்டினார்கள்.

"இப்ப பத்தாயிரமாவது உயிருக்கு வர்றேன். சாதாரணக் காளான்னு நாம நினைச்சோம். ஆனா அதோட வரிசையில என்ன இருக்கு? கண்ணுக்கான மரபணு! றெக்கைக்கான மரபணு! ஆறு காலுக்கான மரபணு! காளானா இருந்துக்கிட்டே பாக்கவும் பறக்கவும் ஆசைப்பட்ட ஒரு உயிர்! உலகத்துலயே கண்ணுள்ள காளான் நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு. வேற எந்த நாட்டுலயும் இல்ல. இருக்கவும் முடியாது."

அண்ணி அதுவரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆறு கால் என்றதும் நிமிர்ந்தாள். காளான் கொட்டகையில் பதினோரு வருஷம் கழித்தவளுக்கு ஆறு காலும் இறக்கையும் கண்ணும் சேர்ந்தால் அது என்ன என்று தெரியாதா? காலையில் கதவைத் திறந்தால் மூக்குக்குள் நுழைகிற சனியன் அது. ஆறு வருஷத்துக்கு முன்னால் குழாயை மூடும்போது உள்ளே ஒன்று போயிருக்க வேண்டும்.

அவள் எழுந்து நின்றாள். "ஐயா, அது ஈ."

அரங்கம் திரும்பிப் பார்த்தது.

"காளான் ஈங்கய்யா. கொட்டகையில இருக்கும். வலை கட்டலேன்னா வரும். குழாய்க்குள்ள விழுந்திருக்கும். நீங்க ஈயோட எழுத்தை எழுதி வச்சிருக்கீங்க."

இயக்குநர் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கு ஒரு உயிர் வேண்டும். கருணையோடு புன்னகைத்தார். "மாதிரிகள் கருத்துச் சொல்றதை நாங்க எப்பவும் வரவேற்கிறோம். இது திறந்த களஞ்சியம். பின்னூட்டத்துக்குத் தனிப் படிவம் இருக்கு, அடுத்த வருஷம் வெளியிடுறோம். இப்ப மேடைக்கு வாங்க."

அவளை மேடையேற்றினார்கள். நீல மெத்தை வைத்த பெட்டியில் கட்டைவிரல் அளவு பென்டிரைவ் ஒன்றை அவள் கையில் வைத்து, கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள்.

"இதுல உங்க காளான் முழுசா இருக்கு" என்றார் இயக்குநர், அவள் காதருகே.

"தண்ணி தெளிச்சா முளைக்குங்களா?"

"சிரிங்க, சிரிங்க, படம் எடுக்குறாங்க."

விழா முடிந்து எல்லாரும் தேநீருக்குப் போனார்கள். அண்ணி மேடைக்குப் பின்பக்கப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஈயைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அதையும் செத்த ஈயாக.

"உண்மையாவே ஈதானா?" என்று ஒரு குரல் கேட்டது. நீலச் சட்டை போட்ட ஒருவர் கதவோரம் நின்றிருந்தார். நரைத்த தலைமுடி, வெந்து தழும்பான கைகள். அவரை அங்கே எல்லாரும் குக்கர்காரர் என்றார்கள். கிருமிகளைக் கொல்ல ஆவியில் வேகவைக்கிற பெரிய இயந்திரம், பார்க்க ஒரு ராட்சசப் பிரஷர் குக்கர். அதை ஓட்டுகிற வேலை அவருக்கு.

"ஈதாங்கண்ணே."

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன்மா. இன்னைக்குத்தான் ஒருத்தர் கண்டுபிடிச்சுச் சொல்லி நான் கேக்குறேன்."

"நீங்கதான் என் காளானை வேகவச்சீங்களா?"

"நானா?" அவர் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "குக்கர் ரிப்பேராகி அஞ்சு வருஷமாச்சு. ரப்பர் வளையம் ஒண்ணு மாத்தணும். கோப்பு மேல போயிருக்கு. அழிக்கணும்னு உத்தரவு வந்தன்னைக்கு, குக்கர் ஓடலேன்னு போய்ச் சொன்னேன். 'நீ முத்திரைய குத்து, குக்கர் தானா சரியாகும்'னாங்க. குத்துனேன். குழாயை எல்லாம் கூடை கூடையா எடுத்துப் பின்னால குப்பையில கொட்டுனேன்."

அண்ணி எழுந்தாள். "எங்க?"

பின்பக்கம் போகிற வழியில் கதவு இல்லை, பூட்டு இல்லை, பலகையும் இல்லை. சுவரை ஒட்டிக் காகிதம் மலைபோல் குவிந்து கிடந்தது. களஞ்சியம் தொடங்கிய நாளிலிருந்து வந்த இணைய விண்ணப்பங்களின் மூன்றாம் பிரதிகள். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து, பழுப்புக் கட்டிகளாக இறுகிக் கிடந்தன. நடுநடுவே உடைந்த கண்ணாடிக் குழாய்கள் மின்னின. அதன்மேல் இல்லாத உயிர் இல்லை. பாசி, புல், பேர் தெரியாத கொடி, நத்தை, மரவட்டை, மஞ்சளாகவும் கறுப்பாகவும் குடைகள். இயக்குநரின் பத்தாயிரமும் இங்கேதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. எவரும், எந்நேரமும், தடையின்றி.

அண்ணி செருப்போடு அதன்மேல் ஏறினாள். முதலில் வாசனைதான் வந்தது. ஈர வைக்கோலும் மிளகும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அவள் மண்டியிட்டு ஒரு கொடியை விலக்கினாள்.

ஒரு தாள்கட்டின் ஓரத்தில், சாம்பல் கலந்த நீலக் குடையும் கட்டைக் காலுமாக, விறைத்துக்கொண்டு நின்றார் மாமியார். ஒரு கொத்து இல்லை, ஏழெட்டுக் கொத்து. அது அழிப்பு உத்தரவின் மூன்றாம் பிரதி, மேலே முத்திரை இன்னும் தெரிந்தது. முறைப்படி அழிக்கப்பட்டது. அதில் "முறைப்படி" என்ற இடத்தைத் துளைத்துக்கொண்டுதான் பெரிய கொத்து வெளியே வந்திருந்தது.

அண்ணி அழுதாள் என்று குக்கர்காரர் பின்னால் சொல்லித் திரிந்தார். அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மிளகு வாசனை கண்ணில் ஏறிவிட்டது என்றாள்.

பையிலிருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துத் துடைத்து, சின்னதும் விரியாததுமாக நாலு குடையைக் காலோடு பறித்து வைத்து மூடினாள். உட்சதை சுத்தமாக இருந்தால் போதும், அதில் ஒரு துளி போதும். நாத்தனாருக்கு அடித்தாள்.

"பொத்தான் தைக்கப் போறேன்னு இன்னும் சொல்லலியே?"

"போனைத்தான் கையில வச்சிருக்கேன். ஏன்?"

"கீழ வை. தண்ணியைக் கொதிக்க வச்சு குழாயை எல்லாம் போடு. உங்கம்மா வர்றாங்க."

வாசலில் காவலாளி கைக்கணினியோடு நின்றிருந்தார். அண்ணியின் சீட்டை அதில் காட்டியதும் அது சிவப்பாகக் கத்தியது.

"என்னண்ணே?"

"நீங்க மாதிரியா உள்ள போயிட்டீங்கம்மா." அவருக்கு உண்மையிலேயே வியர்த்தது. "மாதிரி உள்ள வரலாம். வெளிய போற வழி கணினியில கிடையாது."

"இத்தனை வருஷத்துல ஒண்ணுகூடவா வெளிய போகல?"

"யாரும் எதையும் திரும்பக் கேட்டு வந்ததில்லியேம்மா."

அவர் சீட்டை இன்னொரு தடவை காட்டிப் பார்த்தார், மறுபடியும் சிவப்பு. அடுப்பில் வைத்த தண்ணீர் இந்நேரம் கொதித்து வற்றிக்கொண்டிருக்கும். அண்ணிக்குத்தான் தோன்றியது. "மாதிரி வேண்டாம்னா என்னண்ணே பண்ணுவீங்க?"

காவலாளியின் முகம் தெளிந்தது. பட்டியலைத் தள்ளிக்கொண்டே போய் ஒரு இடத்தில் அழுத்தினார். கணினி பச்சையானது. பூட்டு தானாகத் திறந்தது. திரையில் எழுத்து வந்தது. "மாதிரி எண் 40417. முறைப்படி அழிக்கப்பட்டது."

"மன்னிச்சிருங்கம்மா, வேற வழியில்ல."

"பரவால்ல. எங்க வீட்டுல இதுக்கு முந்தியே ஒருத்தர் அழிஞ்சிருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க."

"பாத்திரத்துல என்ன?"

"காளான்."

"சாப்பாடுதானே? சாப்பாட்டுக்குப் படிவம் கிடையாது. போயிட்டு வாங்க."

நீல மெத்தைப் பெட்டியை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு நடந்தாள்.

ஐந்து வாரம் கழித்துப் பூஞ்சைக்காரர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். மேடும் பள்ளமுமான சந்தில் நடந்து வந்ததில் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. உள்ளே குழாய்களில் வெள்ளை நூல் படர்ந்திருந்தது. முதல் படுக்கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நாத்தனார் சன்னலுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தாள். சட்டைத் தொழிற்சாலைக்காரர்களிடம் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டவர்கள் யாரும் அதை எழுத்தில் போட மாட்டார்கள்.

"அம்மா இருக்காங்களா?" என்றார் பூஞ்சைக்காரர்.

"எந்த அம்மா? இங்க ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தங்க படுக்கையில தொங்குறாங்க."

அவர் விஷயத்தைச் சொன்னார். எங்கோ வெளிநாட்டில், போன வருஷம் தவறுதலாக அழுத்திய அந்த இரண்டு பேரில் ஒருத்தர், இந்தத் தடவையும் தவறுதலாக அழுத்தி, எடுத்ததைப் படித்தும் பார்த்துவிட்டார். இது ஈ என்று உலகத்துக்கே எழுதிவிட்டார். பத்தாயிரம் இப்போது ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆகிவிட்டது. கல்வெட்டு வேறு வெட்டிவிட்டார்கள். காளானில் ஒரு துளி புதிதாகக் கொடுத்தால் களஞ்சியத்தின் மானம் பிழைக்கும்.

"அவ்வளவுதானே" என்றாள் நாத்தனார், ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே. "இது எல்லாருக்கும் திறந்த கொட்டகை. நீங்க எந்த வகை? சமைக்கிறவரா, விக்கிறவரா, சாப்பிடுறவரா?"

"நான் பூஞ்சைப் பிரிவு அதிகாரி."

"அந்த வகை எங்க பட்டியல்ல இல்லியே. அண்ணி, இருக்கா?"

"இல்லையே" என்றாள் அண்ணி உள்ளிருந்து. அவள் தலையை வெளியே நீட்டவில்லை. "விண்ணப்பம் எழுதிக் குடுக்கச் சொல்லு. மேலதிகாரி கையெழுத்தோட."

பூஞ்சைக்காரருக்கு முகம் மலர்ந்தது. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவருக்குப் புரிகிற பேச்சு. "மூணு பிரதிங்களா?"

"மூணு எந்த மூலைக்கு?" என்றாள் அண்ணி. "அந்தப் பின்பக்கக் குவியல் மொத்தத்தையும் ஏத்தி அனுப்புங்க. அதோட புதுசா எழுதுறதும் வேணும்."

நாலாம் நாள் ஒரு லாரி நிறையக் காகிதம் வந்தது. கூடவே குக்கர்காரர் வந்து இறக்கிப்போட்டார். இயக்குநரே கைப்பட எழுதிய விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் மேலே, தங்கநிற உறையில் இருந்தது. நாத்தனார் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, விண்ணப்பத்தை மற்ற தாள்களோடு சேர்த்துக் கொதிநீரில் ஊறவைத்து, பிழிந்து, பையில் அடைத்து, வித்துத் தூவிக் கட்டித் தொங்கவிட்டாள். வைக்கோலைவிட இதில் மாமியார் நன்றாக வருகிறார். எந்த மனுவிலும் யாரும் தொட்டு உறிஞ்சாத சத்து அப்படியே இருந்திருக்கும் போல.

பூஞ்சைக்காரர் வாரம் ஒரு தடவை போன் செய்கிறார். "எங்க விண்ணப்பம் என்னாச்சும்மா?"

"பரிசீலனையில இருக்குங்க" என்கிறாள் அண்ணி, படுக்கைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே. "ரெண்டு மொட்டு விட்டிருக்கு."